இல்போர்ட்: ஊரும் பிலிமும்

இல்போர்ட் என்றவுடன் எங்கட ஆக்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தமிழ்க்கடை, சித்தப்பா வீடு, சாமத்திய வீடு நடந்த மண்டபம், வீட்டு விலை ஏறின கதை. ஈஸ்ற்ஹாம், மனோர் பார்க் தாண்டி வருகிற கிழக்கு லண்டன் ஊர், அவ்வளவுதான். ஆனால் கமரா பிடித்துப் பழகின ஒரு யப்பான்காரனிடமோ பிறேசில்காரனிடமோ அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாமல் இருக்கும். அவனுக்கு இல்போர்ட் என்றால் கறுப்பு வெள்ளை பிலிம்.

நான் இருப்பது லண்டனின் மற்றப் பக்கம், சவுத்தாலில். 2022இல் எலிசபெத் பாதை திறந்த பிறகு சவுத்தாலும் இல்போர்ட்டும் ஒரே ரெயில் பாதையின் இரண்டு பக்கமாகிவிட்டன. இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு சுருள் இல்போர்ட் எச்பி5 வாங்குகிறேன். 36 படம். எங்கட ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்யும் பெடியன் ஒருவன் கேட்டான்: "அண்ணை, கையிலை போன் இருக்கேக்கை உது என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. "பழைய ஞாபகம்" என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் பழைய ஞாபகம் மட்டும் ஒரு பொருளை இவ்வளவு காலம் காப்பாற்றாது. எத்தனையோ நல்ல பிலிம்கள் செத்துப்போக இது மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறது? அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கதை 1879இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துப் படப்பிடிப்பாளர் ஒரு நடமாடும் இரசாயன கூடம். கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைத் தானே பூசி, அது காய முதல் படம் எடுத்து, காய முதல் கழுவியும் முடிக்க வேண்டும். வெளியூர் போனால் இருட்டுக் கூடாரமும் கூடப் போகும். 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஜெலற்றினில் வெள்ளி உப்பைக் கலந்து உலர்தகடு செய்யும் வழியைச் சொன்னார். உலர்ந்த தகடு என்றால் பெட்டியில் அடுக்கலாம், கடையில் விற்கலாம், பிறகு ஆறுதலாகக் கழுவலாம்.

அல்பிரட் ஹியூ ஹார்மன் என்ற படப்பிடிப்பாளர் இந்த வியாபாரத்தில் இறங்கினார். இல்போர்ட் கிரான்புறூக் றோட்டில் இருந்த தன் வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் முதல் தகடுகளைச் செய்தார். ஆம், நீங்கள் சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் தேடி அலைகிற அதே கிரான்புறூக் றோட்தான். அப்போது அது லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். புகை குறைவு, தூசி குறைவு. ஒரு தூசி விழுந்தாலும் தகடு பழுதாகிற தொழிலுக்கு அதுதான் முதல் தேவை. வீடு போதாமல் தொழிற்சாலை வந்தது. பிரித்தானியா வேர்க்ஸ் என்று இருந்த கொம்பனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. உள்ளூர்ச் சபைக்கு அது பிடிக்கவில்லையாம், எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கட ஆக்கள் ஊர்ப் பெயரில் கடை திறக்கும்போது எந்தச் சபையிடமும் கேட்பதில்லை :)

எச்பி என்ற இரண்டு எழுத்துக்கு அர்த்தம் இருக்கிறது. எச் என்றால் மிகை உணர்திறன். பி என்றால் எல்லா நிறத்தையும் உணர்வது. ஆரம்பகாலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்புச் சேலை கறுப்பாக விழும். எல்லா நிற ஒளியையும் சாம்பல் தரங்களாகப் பதிகிற, குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்கிற ஒன்றாக 1930களில் எச்பி வந்தது. போர்க்காலத்தில், 1941இல், எச்பி3. 1965இல் எச்பி4. 1976இல் எச்பி5. 1989இல் அதைத் திருத்தி எச்பி5 பிளஸ். இன்றைக்குக் கடையில் இருப்பது அதுதான். 400 ஏஎஸ்ஏ. பின்னேர வெளிச்சத்திலும் மழை மூட்டத்திலும் காலை வாராது. லண்டன் காலநிலைக்கென்றே செய்தது போல.

அந்த 1976 முக்கியமான வருசம். எச்பி5 வந்த அதே வருசத்தில்தான் இல்போர்ட் ஊரில் இருந்த தொழிற்சாலை மூடப்பட்டது. றோடன் வீதியில் அது இருந்த இடத்தில் இப்போது ஒரு செயின்ஸ்பரிஸ் சுப்பர்மார்க்கெற் நிற்கிறது. பிலிம் செய்யும் வேலை பிறகு மன்செஸ்ரருக்குத் தெற்கே, செஷயரில் உள்ள மொபர்லி என்ற கிராமத்தில் போய் நிலைத்தது. பெயர் மட்டும் இல்போர்ட் என்றே நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகும் ஊர்ப் பெயரோடு திரிகிற ஒரு பொருள். எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை.

சவுத்தாலுக்கும் அந்த வருசம் மறக்க முடியாதது. 1976 யூன் 4ஆம் திகதி குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயதுப் பெடியன் இந்த ஊர்த் தெருவில் நிறவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். மூன்று வருசம் கழித்து, 1979 ஏப்ரல் 23, நஷனல் புரொன்ட் கட்சி சவுத்தால் நகர மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது ஊரே திரண்டு மறித்தது. அன்று தலையில் அடிபட்ட பிளேயர் பீச் என்ற ஆசிரியர் இறந்துபோனார். அந்த நாளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். குதிரைப் பொலிஸ், தலைப்பாகைகள், நிலத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அநேகமாக எல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துப் பிரித்தானியப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களின் பைகளில் கிடந்தது பெரும்பாலும் கொடாக்கின் டிரை-எக்ஸ், இல்லையென்றால் இல்போர்ட்டின் எச்பி. பீச்சின் மரணம் பற்றிய பொலிசின் உள்ளக அறிக்கை 31 வருசம் மறைந்திருந்து 2010இல்தான் வெளியே வந்தது. படங்களோ மறுநாளே பேப்பரில் வந்துவிட்டன.

இனி அடிப்படைக்கு வருவோம். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது சின்ன விசயம். பிலிமில் இருப்பது ஜெலற்றினுக்குள் சிதறிய வெள்ளி உப்புப் பளிங்குகள். ஒளி பட்ட பளிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கிறது. டெவலப்பர் அந்தப் பளிங்கை மட்டும் பிடித்து உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். மிச்சம் இருப்பது படம். கறுப்பு வெள்ளை நெகற்றிவ் என்பது மை அல்ல, சாயம் அல்ல, வெள்ளி. காப்பில், மோதிரத்தில் இருக்கிற அதே உலோகம். ஒழுங்காகக் கழுவி, ஈரம் படாமல் வைத்தால் நூறு வருசம் தாண்டியும் நிற்கும்.

இந்த வேலையை நான் குளியலறையில் செய்கிறேன். பிலிமை இருட்டில் சிறு தாங்கிக்குள் சுற்றிப் போட்டுவிட்டால் பிறகு லைட்டைப் போடலாம். ஐடி-11 என்ற டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் விட்டால், 20 பாகை வெப்பத்தில் ஏழரை நிமிசம். இடைக்கிடை தாங்கியைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு நிறுத்தும் கரைசல், ஹைப்போ, தண்ணீர், உடுப்புக் கொடியில் காயவிடுதல். முழுவதும் ஒரு மணித்தியாலம் ஆகாது. சூடும் நேரமும் பார்த்துச் சமைக்கத் தெரிந்த எவருக்கும் இது வரும். பருப்புக் கறியை விடக் கொஞ்சம் கஷ்டம், மட்டன் புரியாணியை விட லேசு.

இந்த இடத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். பிலிம்களின் வாழ்வும் சாவும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1888இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடாக் கமராவை விற்கத் தொடங்கியபோது சனத்துக்குக் கொடுத்த வாக்கு இதுதான்: நீங்கள் பொத்தானை அமத்துங்கள், மிச்சம் எல்லாம் எங்கட வேலை. அருமையான வியாபாரம். கோடிக்கணக்கான ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்குப் படம் கிடைத்தது அந்த வாக்கால்தான். ஆனால் அதற்குள் ஒரு பொறியும் இருந்தது. மிச்ச வேலையைக் கொம்பனி ஒருநாள் நிறுத்தினால்?

அதற்குச் சிறந்த உதாரணம் கொடாக்குரோம். லியோபோல்ட் மானெஸ், லியோபோல்ட் கொடொவ்ஸ்கி என்ற இரண்டு பேர், ஒருவர் பியானோ, மற்றவர் வயலின், சங்கீதக்காரர்கள் கண்டுபிடித்த வர்ணப் பிலிம் அது. 1935இல் சந்தைக்கு வந்தது. அந்த நிறத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1985 யூன் மாத நஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்த பச்சைக்கண் ஆப்கான் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். பெஷாவருக்கு அருகில் ஒரு அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி 1984இல் எடுத்த படம். அது கொடாக்குரோம். சர்பத் குலா என்ற அவளுடைய பெயர் உலகத்துக்குத் தெரிய 2002 ஆகிவிட்டது. அகதியின் முகம் உலகம் சுற்றும், பெயர் 17 வருசம் பிந்தி வரும். சரி, அது வேறு கதை.

கொடாக்குரோமின் சிக்கல் என்னவென்றால், மற்ற வர்ணப் பிலிம்களைப் போல நிறம் தரும் பொருட்கள் அதற்குள் இல்லை. கழுவும்போதுதான் மூன்று நிறத்தையும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கே-14 என்ற அந்த முறைக்குப் பெரிய யந்திரமும் இரசாயனம் தெரிந்த ஆட்களும் தேவை. குளியலறையில் நடக்கிற காரியமில்லை. 2009 யூனில் கொடாக் அதை நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது உலகத்திலேயே அதைக் கழுவ ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது: கன்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் என்ற சிறு பட்டணத்தில் டுவெய்ன்ஸ் என்ற கடை. 2010 டிசெம்பர் 30ஆம் திகதியோடு அவர்களும் கடைசிச் சுருளை வாங்கி முடித்தார்கள். இன்றைக்கு உங்கள் மேசை லாச்சியில் கழுவாத கொடாக்குரோம் ஒன்று கிடைத்தால் என்ன செய்யலாம் தெரியுமா? கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம். அந்தப் பெரும்புகழ் நிறத்துக்கும் கடைசிப் புகலிடம் அந்தப் பழைய வெள்ளிதான்.

இல்போர்ட்டும் சாகாமல் தப்பினது ஒரு மயிரிழையில். டிஜிற்றல் கமரா வீடு வீடாகப் புகுந்த காலம். 2004 ஓகஸ்ட்டில் கொம்பனி கடனில் விழுந்து நிர்வாகிகளின் கையில் போனது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. எல்லோரும் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். 2005இல் அங்கேயே வேலை செய்த சில முகாமையாளர்கள் சேர்ந்து மொபர்லித் தொழிற்சாலையை வாங்கினார்கள். புதுக் கொம்பனிக்கு வைத்த பெயர் ஹார்மன் டெக்னொலொஜி, 125 வருசத்துக்கு முந்தின அந்த நிலக்கீழ் அறைக்காரரின் பெயர். பெருமைக்காகப் பெரிதாகாமல், கறுப்பு வெள்ளையை மட்டும் ஒழுங்காகச் செய்வோம் என்று இருந்தார்கள். அதே 2005இல் ஜேர்மனியில் அக்ஃபா போட்டோ விழுந்தது. 1975இல் டிஜிற்றல் கமராவைத் தன் ஆய்வுகூடத்திலேயே செய்து பார்த்த கொடாக், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. மொபர்லி இன்றும் ஓடுகிறது. 2023 டிசெம்பரில் பீனிக்ஸ் என்ற பெயரில் சொந்தமாக ஒரு வர்ணப் பிலிமே விட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு பிலிம் இருந்தது, பலருக்கு மறந்துவிட்டது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் இந்திய அரசு தொடங்கிய நிறுவனம், பிரான்சின் போஷே கொம்பனியின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. ஊட்டியைத் தேர்ந்ததற்கும் காரணம் அதேதான்: குளிர், தூசியில்லாத காற்று. மலையகத்திலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்ட எங்கட சனம் குடியேறிய அதே நீலகிரி. பிலிமின் பெயர் இந்து, சந்திரன் என்ற பொருளில். எக்ஸ்-ரே பிலிம், சினிமா பிலிம், ஸ்ரூடியோக் கடதாசி எல்லாம் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர்.

பாதுகாக்கப்பட்ட சந்தையில் வளர்ந்த பிள்ளை அது. 1980களில் பெரிய கடன் எடுத்து, அமெரிக்காவின் டியூபோன்ட் தொழில்நுட்பத்தில் புது எக்ஸ்-ரே பிலிம் திட்டம் போட்டார்கள். 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. வெளிநாட்டுப் பிலிம் உள்ளே வந்தது. 90களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்ற பட்டியலில் ஏறியது. பிறகு ஆஸ்பத்திரிகளும் டிஜிற்றலுக்கு மாற, தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடிவிட்டார்கள். தீர்மானம் டெல்லியில் எடுக்கப்பட்டது. யந்திரத்தின் சத்தத்தை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆட்கள் ஊட்டியில் இருந்தார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடாக்குரோம் அழகில் குறைந்து சாகவில்லை. இந்து தேவை இல்லாமல் தொடங்கப்பட்டதுமில்லை. ஒன்றின் பாதி வேலை எப்போதும் கொம்பனியின் கையில் இருந்தது, மற்றதன் முழு உயிரும் அரசின் கையில் இருந்தது. எச்பி5க்கு மட்டும் இரண்டு பக்கமும் மனிதக் கைகள் இருந்தன. செய்கிற பக்கம் தொழில் தெரிந்தவர்களே பொறுப்பெடுத்தார்கள். பாவிக்கிற பக்கம் எவருடைய அனுமதியும் தேவையில்லாமல் ஒரு வாளித் தண்ணீரோடு வேலையை முடிக்கலாம். ஒரு பொருளின் வேலை முழுக்க ஆட்களின் கையில் இருக்கும்வரை அது லேசில் சாகாது. பிலிமுக்கு மட்டுமல்ல இது, மொழிக்கும் சமையலுக்கும்கூட.

இனி எங்கட கதை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 97,000 புத்தகம் என்று கணக்குச் சொல்வோம். வீட்டு அல்பங்களை யாரும் எண்ணவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் தன் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது உடுப்பு மூட்டை இல்லை. நெகற்றிவ் போட்டு வைத்த இரண்டு பிஸ்கற் ரின். "உந்தாளுக்கு விசர்" என்று சனம் பேசியது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீடுகளில் அல்பம் இல்லை. செத்தவர்களுக்கு ஆண்டுத் திவசத்துக்குப் படம் வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் மனுவுக்குப் படம் வேண்டும். எல்லோரும் அந்தப் பிஸ்கற் ரின்னைத் தேடித்தான் போனார்கள். எங்கட அம்மப்பாவின் படமும் அதற்குள் இருந்துதான் திரும்பி வந்தது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி இன்றும் பிள்ளைகளைத் தேடி வீதியில் இருக்கிற அம்மாக்களின் கைகளைப் பாருங்கள். அவர்கள் பிடித்திருப்பவற்றில் எத்தனை படம், அடையாள அட்டைக்கென்று ஸ்ரூடியோவில் எடுத்த முத்திரையளவு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருப்பித்தது! சோதனைச்சாவடியில் நீட்டுவதற்காக எடுத்த படம், கடைசியில் அவன் இருந்தான் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.

டிஜிற்றலைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2009 முள்ளிவாய்க்காலின் கொடுமை உலகத்துக்குத் தெரிய வந்ததில் கைத்தொலைபேசிக் காணொளிகளுக்குப் பெரிய பங்கு. பிலிம் கமரா போக முடியாத இடம் அது. ஆனால் சனல் 4 அந்த ஓகஸ்ட்டில் ஒளிபரப்பினவுடன் இலங்கை அரசு என்ன சொன்னது? போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரின் நிபுணர்கள் கோப்பைப் பிரித்து ஆராய்ந்து, அது உண்மை என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சியும் கோப்பு கையில் இருந்ததால்தான் நடந்தது. வைபரில் வந்து வட்ஸ்அப்பில் போன பத்தாவது பிரதியை வைத்து எதையும் நிறுவுவது கஷ்டம். இன்று செயற்கை அறிவு ஒரு நிமிசத்தில் இல்லாத மனிதருக்கு முகம் வரைந்து தருகிற காலம். மூலம் எங்கே என்ற கேள்வி இனித்தான் பெரிதாகப் போகிறது. நெகற்றிவ் என்பது மூலம். ஒளி நேராகத் தொட்ட பொருள்.

குசினிப் பெடியனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவு நீளம் இல்லை. "போனிலை இருக்கிறது படம், இதிலை இருக்கிறது சாமான்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டான் :)

உங்களை எச்பி5 வாங்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். இங்கே இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எங்கட வீடுகளில் 80களில், 90களில் எடுத்த நெகற்றிவ்கள் கடை உறைகளுக்குள் அப்படியே கிடக்கின்றன. வீடு மாறும்போது படத்தை அல்பத்தில் வைத்துவிட்டு நெகற்றிவைக் குப்பையில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பிளாஸ்ரிக் பைக்குள் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறையில் போட்டு, காய்ந்த, குளிரான இடத்தில் வையுங்கள். வர்ண நெகற்றிவ் சாயம், அது மெல்ல மெல்ல மங்கும், ஆகவே அவற்றை முதலில் ஸ்கான் பண்ணுங்கள். ஸ்கான் பண்ணின பிறகும் எறியாதீர்கள். உறையின் மேல் யார், எந்த ஊர், எந்த வருசம் என்று பென்சிலால் எழுதுங்கள். அம்மா அப்பா இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு அந்த முகங்களின் பெயர் சொல்ல ஆள் இருக்காது.